பிரஷர் குளிசை: வீட்டுப் பிரச்சினையா, நாட்டுப் பிரச்சினையா?

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் வரிசைகளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பெட்ரோல் வரிசை, எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா வரிசை. அதே ஆண்டில் வரிசையே இல்லாமல் நடந்த ஒரு தட்டுப்பாடும் உண்டு. கிளினிக்கில் "இந்த மாதம் இது இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. துண்டுடன் பாமசிக்குப் போனவர் விலையைக் கேட்டுவிட்டுப் பாதியை மட்டும் வாங்கினார். வீட்டில் ஒரு குளிசையை இரண்டாக உடைத்தார். அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்தார். அன்று அவருக்கு எதுவும் ஆகவில்லை. அடுத்த வாரமும் எதுவும் ஆகவில்லை.

இந்த "எதுவும் ஆகவில்லை" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தலைவலிக்குப் பனடோல் இல்லாவிட்டால் தலை வலிக்கும். தட்டுப்பாடு உடனே தெரியும். இரத்த அழுத்தம், இதய செயலிழப்பு, இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கான மருந்துகள் அப்படியல்ல. அவற்றுள் பெரும்பாலானவை வேலை செய்வதை நோயாளி உணர்வதில்லை. அவற்றை நிறுத்தியதையும் உடம்பு உடனே சொல்வதில்லை. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து, ஒரு சுபஹு நேரத்தில் வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து போகும்போது, அதற்கும் அன்று உடைத்த குளிசைக்கும் உள்ள தொடர்பை எந்தப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை.

இதனால்தான் இந்த மருந்துகள் விடயத்தில் குடும்பமும் தன்னை ஏமாற்றிக் கொள்கிறது, அரசாங்கமும் மக்களை ஏமாற்ற முடிகிறது. இரண்டையும் புரிந்துகொள்ள, இந்தக் குளிசைகள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?

வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் கூடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பம்ப் வேகமாக ஓடலாம், குழாய் சுருங்கியிருக்கலாம், தண்ணீர் அதிகமாக இருக்கலாம். பிரஷர் குளிசைகளும் இந்த மூன்றையே குறிவைக்கின்றன. அம்லோடிபின், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைக்குள் கல்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயைத் தளர்த்துகிறது. எனலாப்ரில், லொசார்டன் போன்றவை, குழாயைச் சுருக்கவும் உப்பைத் தேக்கவும் உடம்பு பயன்படுத்தும் அஞ்சியோடென்சின் என்ற இரசாயனத்தின் பாதையை மறிக்கின்றன. நீர்க் குளிசைகள் எனப்படும் தயசைட் வகை, சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. அட்டெனொலோல், பைசொப்ரோலோல் போன்றவை இதயத்தின் துடிப்பு வேகத்தைத் தணிக்கின்றன.

இவை எதுவும் நோயைக் "குணப்படுத்துவதில்லை". குளிசை உடம்பில் இருக்கும் வரையில்தான் அழுத்தம் குறைந்திருக்கும். "பிரஷர் நோமல் ஆகிவிட்டது, இனி மருந்து தேவையில்லை" என்று நிறுத்துவது, குடை பிடித்திருப்பதால் நனையாமல் நிற்பவர் மழை விட்டுவிட்டதாக எண்ணிக் குடையை மடக்குவது போன்றது.

மருந்துக்கு முந்திய உலகம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். உலகின் மிகச் சிறந்த மருத்துவக் கவனிப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் 1945 ஏப்ரல் 12 ஆம் திகதி மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்தபோது, அவரது அழுத்தம் 300/190 ஆகப் பதிவாகியிருந்தது. அதைப் பாதுகாப்பாகக் குறைக்கும் குளிசை அன்று யாரிடமும் இருக்கவில்லை. 1967 இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு வெளியானது. கடுமையான இரத்த அழுத்தமுள்ள 143 ஆண்களில் பாதிப் பேருக்கு மருந்தும், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. போலிக் குளிசை பெற்றவர்களில் 27 பேருக்குப் பாரதூரமான பாதிப்புகள் ஏற்பட்டன. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. அன்று தொடங்கி இன்றுவரை ஆய்வுக்கு மேல் ஆய்வு அதையே உறுதிப்படுத்தியுள்ளது. மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால், பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது.

இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. நமது அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு முதன்மையான காரணம் இதயக் குழாய் அடைப்பு நோய். இந்த இரண்டு தகவல்களையும் சேர்த்துப் படித்தால், பிரஷர் குளிசை ஒரு சில வயோதிபர்களின் தனிப்பட்ட விடயமாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

மருந்தை நிறுத்துபவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் அல்லர். எனலாப்ரில் குடிக்கும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அம்லோடிபின் குடிக்கும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சொன்னால் வைத்தியர் ஏசுவாரோ என்ற பயத்தில் பலர் சொல்லாமலேயே நிறுத்திவிடுகிறார்கள். இருமல் வந்தால் எனலாப்ரிலுக்குப் பதிலாக லொசார்டன் இருக்கிறது. கால் வீங்கினால் அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்க்கலாம். இதைச் சொல்ல கிளினிக்கில் இரண்டு நிமிடம் போதும். ஆனால் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கிளினிக்கில் அந்த இரண்டு நிமிடமும் கிடைப்பதில்லை என்பதே நமது யதார்த்தம்.

இந்த இடத்தில் நம் நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2016, 2017 ஆண்டுகளில் இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகள் 11 இல், 700 நோயாளிகளிடம் அது நடத்தப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பகுதியினருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துச் செய்த ஒரே குளிசை. ஆறு மாதத்தின் பின் வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினரின் அழுத்தம் இலக்குக்குள் வந்திருந்தது. கூட்டுக் குளிசை பெற்றவர்களில் அது 70 சதவீதம். பக்கவிளைவால் நிறுத்தியவர்களின் அளவு இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றே. காரணம் எளிது. ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் பயன் இரட்டிப்பாவதில்லை, பக்கவிளைவு கூடும். வெவ்வேறு பாதையில் வேலை செய்யும் மூன்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பயன் கூடும். 2018 இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. இதே அடிப்படையிலான ஒரு மூவகைக் குளிசைக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அதன் பயன் நமது அரச கிளினிக்குகளின் வழமையான சிகிச்சையாக எப்போது வரும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உணரப்படும் மருந்தும் உணரப்படாத மருந்தும்

இதய செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதயம் துடிக்கிறது. ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்துவிட்டது. மாரடைப்புக்குப் பின்னும், பல வருடங்கள் கட்டுப்பாடின்றி இருந்த பிரஷருக்குப் பின்னும் இது வருகிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே உறங்க வேண்டியிருக்கும்.

இந்த நோயாளிக்குக் கொடுக்கும் புரூசமைட் என்ற நீர்க் குளிசை, தேங்கிய நீரைச் சில மணி நேரத்தில் வெளியேற்றுகிறது. மூச்சு இலகுவாகிறது, கால் வற்றுகிறது. "இதுதான் நல்ல மருந்து" என்று நோயாளி முடிவு செய்துவிடுகிறார். அவருக்குக் கொடுக்கும் மற்றக் குளிசைகளான பைசொப்ரோலோல், எனலாப்ரில், ஸ்பைரோனோலக்டோன் ஆகியவற்றால் ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. ஆரம்பத்தில் களைப்புக் கூடுவதாகக்கூடத் தோன்றலாம். காசு தட்டுப்பட்டால் முதலில் வெட்டப்படுவது இவைதான்.

ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். தளர்ந்த இதயத்தைத் தட்டியெழுப்ப உடம்பு அட்ரினலினையும் அஞ்சியோடென்சினையும் இடைவிடாமல் சுரக்கிறது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டி இழுக்க வைப்பது போல, சிறிது காலம் அது ஓடும், பிறகு விழும். பைசொப்ரோலோல் அந்தச் சாட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. 1999 இல் வெளியான ஆய்வில் அது மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே ஆண்டில், மிகவும் மலிவான பழைய மருந்தான ஸ்பைரோனோலக்டோன், கடுமையான இதய செயலிழப்பில் மரணத்தை 30 சதவீதம் குறைத்ததாக இன்னொரு ஆய்வு காட்டியது. அண்மைக் காலத்தில், சீனி வருத்தத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட டபாக்ளிஃப்ளோசின் வகையும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சீனி இல்லாதவருக்கும் அது பயன் தருவதால், "எனக்குச் சீனியே இல்லையே, ஏன் இந்தக் குளிசை?" என்று நிறுத்த வேண்டியதில்லை.

பைசொப்ரோலோல், அட்டெனொலோல் வகையைத் திடீரென நிறுத்துவது தனியான ஆபத்து. அடக்கி வைக்கப்பட்ட துடிப்பு ஒரேயடியாகக் கிளம்பும். ஏற்கனவே இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு அதுவே மாரடைப்பில் முடியலாம். "கிளினிக்கில் இந்த மாதம் இல்லை" என்ற சிறிய வசனத்தின் பாரம் இதுதான்.

இரத்தம் உறையாமல் தடுப்பது

மூன்றாவது வகை மருந்துகள் இரண்டு பக்கமும் கூரான கத்தி. கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் இரத்தக் கட்டி.

அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரத்தத்திலுள்ள சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் பல மாதங்களுக்கு, ஒரு வருடம் வரையிலும் சேர்த்துக் கொடுக்கப்படும். இலட்சக்கணக்கில் செலவழித்து ஸ்டென்ட் வைத்துவிட்டு, பல்லுப் பிடுங்கப் போவதற்காக இரண்டையும் தானாகவே நிறுத்தியவருக்கு அந்த ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இதய வைத்தியரைக் கேட்காமல் இதை எவரும் நிறுத்தக் கூடாது.

வோர்பரினின் கதை வேறு. 1920 களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து பிறந்த இரசாயனம், 1948 இல் எலி விஷமாகச் சந்தைக்கு வந்து, 1954 இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்க விற்றமின் கே தேவை. வோர்பரின் அந்த விற்றமினின் வேலையை முடக்குகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் நோயில் பாரிசவாதம் வரும் ஆபத்து ஐந்து மடங்கு கூடும். வோர்பரின் அந்த ஆபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அது உயிர் மருந்து.

ஆனால் அளவு சரிதானா என்பதை ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பெரும்பாலானோருக்கு அது 2 க்கும் 3 க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாக. கீரையில் விற்றமின் கே அதிகம். ஒரு கிழமை முழுதும் வல்லாரைச் சுண்டலும் கங்குங்கும் சாப்பிட்டு, மறு கிழமை கீரையே தொடாமல் இருந்தால் இந்த எண் ஏறி இறங்கும். கீரையை விலக்கத் தேவையில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். இதைவிடப் பெரிய ஆபத்து, முழங்கால் வலிக்கென்று பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனக் போன்ற வலி நிவாரணிகள். அவை வோர்பரினுடன் சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும், பிரஷரைக் கூட்டும், இதய செயலிழப்பை மோசமாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். இந்த மூன்று நோயில் எது இருந்தாலும், வலிக்கு என்ன குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர் தேவையில்லை. தூர இடத்திலிருந்து பரிசோதனைக்கு வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை பொருந்தா. வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய நோயாளிகளுக்கும் வோர்பரினே சிறந்தது என்பதை 2022 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பினார் என்பதற்காக வோர்பரினை விட்டுப் புதியதுக்கு மாறுவது ஆபத்தில் முடியலாம்.

நம்மவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வைத்தியசாலையில் மாரடைப்புக்கும் இரத்தக் கட்டிக்கும் ஊசியாக ஏற்றும் ஹெபரின், பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதை மறைக்கத் தேவையில்லை. உயிர் போகும் நிர்ப்பந்த நிலைக்கு ஷரீஅத்தில் தனிச் சட்டம் இருப்பதை நாம் அறிவோம். செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபொண்டபரினக்ஸ் போன்ற மாற்று சில நோயாளிகளுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகே நின்று விவாதிக்கும் விடயமல்ல இது. உலமாக்களும் முஸ்லிம் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து, மக்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டிய விடயம்.

நாடு என்ன செய்தது?

மருந்து விடயத்தில் இலங்கை ஒரு காலத்தில் உலகுக்கே வழி காட்டியது. பேராசிரியர் சேனக பிபிலே முன்வைத்த கொள்கை எளிமையானது: மருந்துகளைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் பொதுப் பெயரில் வாங்கு, தேவையானதை மட்டும் வாங்கு, மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கு. அதற்காகவே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. நாம் இன்று ஒசுசலவில் மலிவாக வாங்கும் ஒவ்வொரு குளிசைக்குப் பின்னாலும் அந்தச் சிந்தனை இருக்கிறது. 1977 இல் அவர் காலமானார். அவரது கொள்கையைச் சட்டமாக்குவோம் என்று ஆட்சிக்கு வந்த பலரும் வாக்களித்தும், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் 2015 இல்தான் வந்தது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது.

பிறகு 2022 வந்தது. நாட்டுக்குத் தேவையான மருந்தில் மிகப் பெரும் பகுதி இறக்குமதி. மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. மருந்து விலைகளை உயர்த்த அரசாங்கமே அனுமதிக்க வேண்டியதாயிற்று. மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது, அது செய்தியானது. பிரஷர் குளிசையை உடைத்துக் குடித்தவர் செய்தியாகவில்லை.

தட்டுப்பாட்டின் மறுபக்கம் தரம். அவசரக் கொள்வனவு என்ற பெயரில் வழமையான சோதனைகள் தளர்த்தப்பட்டபோது என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். இது நம் நாட்டுக்கு மட்டுமான நோயல்ல. 2008 இல் சீனாவிலிருந்து வந்த ஹெபரினில் கலப்படம் இருந்ததால் அமெரிக்காவிலேயே நோயாளிகள் இறந்தார்கள். 2018 இல் வல்சார்டன் என்ற பிரஷர் மருந்தின் மூலப்பொருளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகள் அதைத் திரும்பப் பெற்றன. அந்த நாடுகளில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு, மக்களுக்கு அறிவிக்கப்பட்டு, மருந்து மீளப் பெறப்பட்டது. ஒழுங்குபடுத்தும் அதிகார சபை ஒன்றுக்கு ஆய்வுகூடமும் ஆளணியும் சுதந்திரமும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நெருக்கடியின் உச்சம் கடந்துவிட்டது. ஆனால் "வெளியில் வாங்குங்கள்" துண்டு முற்றாக ஒழியவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு கம்பனியின் குளிசை வருகிறது. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் வயோதிபர் நிறத்தை வைத்தே மருந்தை அடையாளம் காண்கிறார். வைத்தியசாலை கொடுத்த லொசார்டனையும், வெளியில் வாங்கிய வேறு பெயர் கொண்ட லொசார்டனையும் இரண்டு மருந்தென்று நினைத்து இரண்டையும் குடிக்கிறார். தலைசுற்றி விழுகிறார். பொதுப் பெயரில் மருந்தை அறிந்துவைப்பது பிபிலேயின் பொருளாதாரம் மட்டுமல்ல, நம் வீட்டுப் பாதுகாப்பும்தான்.

இனி என்ன செய்யலாம்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பிரஷர், இதயம், இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கான அடிப்படை மருந்துகளின் கையிருப்பு, வைத்தியசாலை வாரியாகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். எது எந்த மாதம் முடியும் என்று தெரிந்தால் வைத்தியர் முன்கூட்டியே மாற்று எழுத முடியும். அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். கொவிட் காலத்தில் கிளினிக் மருந்து தபாலில் வீடு தேடி வந்ததை நாம் கண்டோம்; முடியாத காரியமல்ல. நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் சம்பளம். ஐ.என்.ஆர் பரிசோதனை பிரதேச வைத்தியசாலை மட்டத்துக்கு வர வேண்டும். நம் நாட்டிலேயே நிரூபிக்கப்பட்ட கூட்டுக் குளிசை அரச கொள்வனவுப் பட்டியலில் உரிய இடம் பெற வேண்டும்.

இன்னொரு ஆய்வும் நமக்கு வழி காட்டுகிறது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் நடந்து 2020 இல் வெளியான ஆய்வு அது. சமூக சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில், அந்தச் சேவை கிடைக்காத கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் மேல் அழுத்தம் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பெரிய கட்டிடமோ இயந்திரமோ தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் சமூகமாக நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. அரச பரிசோதனை நிலையங்களுக்குப் பெண்கள் போகும் அளவுக்கு ஆண்கள் போவதில்லை. ஆண்கள் கிழமைக்கு ஒரு முறை ஒன்று கூடும் இடம் பள்ளிவாசல். ஜும்ஆவின் பின் ஒரு மேசை, ஒரு பிரஷர் மெஷின், பயிற்சி பெற்ற ஒரு தாதி. அதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம். 140/90 க்கு மேல் இருப்பவரின் பெயரைக் குறித்து, அவர் கிளினிக்குக்குப் போனாரா என்று அடுத்த மாதம் விசாரிப்பதுதான் முக்கியம். ஒரு நாள் முகாம் நடத்திப் படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கலைவதால் பயன் குறைவு.

ஊரிலுள்ள நலன்புரி அமைப்புகளும் ஸகாத் நிதியங்களும் பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு இலட்சக்கணக்கில் சேர்த்துக் கொடுக்கின்றன. அது நல்ல காரியம். அந்தச் சத்திரசிகிச்சை தேவைப்படும் நிலை வராமல் தடுக்கும் மாதாந்தக் குளிசைக்கு உதவ யாரும் துண்டு விரிப்பதில்லை. ஏனெனில் அதில் கண்ணீரை வரவழைக்கும் படம் இல்லை. வறிய குடும்பங்களின் கிளினிக் துண்டுக்கு மாதாமாதம் பொறுப்பேற்கும் ஒரு சிறு நிதி, பல பைபாஸ்களின் செலவை மிச்சப்படுத்தும்.

நோன்பு மாதமும் கவனிக்கப்பட வேண்டும். ரமழான் பிறந்ததும் நம்மில் பலர் வைத்தியரைக் கேட்காமலேயே மருந்து நேரத்தை மாற்றுகிறார்கள், பகல் மருந்தை விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு ஒருமுறை குடிக்கும் குளிசையை நோன்பு திறந்த பின்னருக்கு மாற்றுவது பெரும்பாலும் இலகு. இரண்டு நேரம் குடிப்பவருக்கு, நாளுக்கு ஒருமுறை போதுமான வகையை வைத்தியர் தெரிவு செய்ய முடியும். நீர்க் குளிசை குடிப்பவருக்கும் இதயம் மிகவும் தளர்ந்தவருக்கும் நீண்ட நேரம் தண்ணீரின்றி இருப்பது ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இத்தகையவர்களுக்கானதே. ஷஃபான் மாதக் கிளினிக்கிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறியது. உம்மாவின், வாப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, எந்தக் குளிசை எதற்கு, அதன் பொதுப் பெயர் என்ன என்று தமிழில் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஒரு மருந்து முடியப் போகிறது என்றால், முடிந்த பிறகல்லாமல் ஒரு கிழமைக்கு முன்னரே தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் உடைத்துக் குடிக்காமல், அதற்கு மாற்று என்ன என்று வைத்தியரிடமோ பதிவு பெற்ற மருந்தாளரிடமோ கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்கில் "இது இல்லை" என்று சொல்லப்பட்டால், எந்த மருந்து, எந்த வைத்தியசாலை, எந்தத் திகதி என்று குறித்து வைத்து, நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் கொடுப்போம். தேர்தல் காலத்தில் பாதைக்குக் கார்பட் கேட்கும் நாம், குளிசையையும் கேட்கப் பழக வேண்டும். பெட்ரோல் வரிசை ஒரு அரசாங்கத்தையே அசைத்தது, ஏனெனில் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாத இந்தத் தட்டுப்பாட்டை எண்ணி, எழுதி, கேள்வியாக்கினால் மட்டுமே அதற்கும் பதில் சொல்ல ஒருவர் வருவார்.